எங்களுக்குப் பாராட்டு விழா வேண்டாம், லீக் வேண்டும்

2025 செப்டெம்பரில் கொழும்பு றேஸ்கோர்ஸ் மைதானத்தில் 17 வயதுக்குட்பட்டோருக்கான தெற்காசிய உதைபந்தாட்டச் சம்பியன்ஷிப் நடந்தது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைதீவு என்று ஏழு நாட்டுப் பெடியள் வந்து விளையாடினார்கள். இறுதியாட்டத்தில் பங்களாதேஷைப் பெனால்டியில் வென்று இந்தியா கிண்ணத்தைக் கொண்டுபோனது. 2022 இலும் இதே தொடர், இதே மைதானம், இதே சம்பியன்.

அதே செப்டெம்பரில் மன்னாரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. புதிய காற்றாலைகளும் கனியமணல் அகழ்வும் தீவுக்கு வேண்டாம் என்று ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து சனம் பஸாரில் இரவுபகலாக இருந்தது. மாதக் கடைசியில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மறித்த மக்கள் மீது பொலிஸ் கைவைத்தது. பிறகு கடையடைப்பு, ஹர்த்தால்.

உதைபந்துக் கட்டுரையில் காற்றாலை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கொழும்பின் கணக்கில் மன்னார் ஒரு வளம். காற்று இருக்கிறது, எடு. மண் இருக்கிறது, எடு. உதைபந்தையும் அப்படித்தான் பேசுகிறார்கள்: "மன்னார்ல நல்ல டலன்ட் இருக்கு." ஆனால் ஒரு வித்தியாசம். காற்றாலைக் கோபுரம் நடுவதற்கு முன் வருடக்கணக்காகக் காற்றை அளப்பார்கள். எந்த மாதம் எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று ஒவ்வொரு மணித்தியாலமும் பதிவு இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் 2020 இல் தம்பபவனியின் முப்பது கோபுரங்கள் எங்கட தெற்குக் கரையில் எழுந்தன. பள்ளிமுனையில் ஓடுகிற பதினைந்து வயதுப் பெடியன் வருடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினான், எத்தனை நிமிடம் ஆடினான் என்று எங்கேயாவது ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறதா? காற்றுக்கு இருக்கிற மரியாதை இந்தத் தீவில் காலுக்கு இல்லை.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

"உதைபந்து மண்" என்ற கதை

மன்னாரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வசனம் கட்டாயம் வரும்: இது உதைபந்து மண், இங்கே பிறக்கிற பிள்ளைக்குப் பந்து இரத்தத்தில் ஊறியது. கேட்க நல்லாத்தான் இருக்கும். பேசாலை, பள்ளிமுனை, தாழ்வுபாடு, வங்காலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி என்று ஊர்ப்பெயர்களை அடுக்கினால் இன்னும் நல்லா இருக்கும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடுகிற ஒரு படத்தையும் போட்டுவிட்டால் கட்டுரை முடிந்தது.

எங்களுக்கு இந்தக் கதை அலுத்துவிட்டது. இது யாருக்கு உதவுகிறது என்று பார்க்க வேண்டும். பந்து இரத்தத்தில் ஊறியது என்றால் பயிற்றுநர் எதற்கு? மணலில் ஓடியே கால் உரமாகும் என்றால் புல்லுத் தரை எதற்கு? வறுமையிலும் சாதிக்கிறார்கள் என்றால் வறுமை இருந்துவிட்டுப் போகட்டுமே! புகழ்கிறவர் ஒரு சதமும் செலவழிக்காமல் புகழ இந்தக் கதை இடம் கொடுக்கிறது. அதனால்தான் மேடையில் ஏறுகிற எல்லாருக்கும், அரசியல்வாதியாக இருந்தாலும் அதிகாரியாக இருந்தாலும், இது இவ்வளவு பிடிக்கிறது.

இரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஏன் இந்தக் கரையில் உதைபந்து வளர்ந்தது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியிற காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோயிலுக்கும் முன்னால் ஒரு வெளி இருக்கிறது. பங்குத்தந்தைமாரும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களும் பல தலைமுறையாகப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். கழகங்களுக்குப் புனிதர்களின் பெயர். திருவிழா வந்தால் மின்னொளியில் சுற்றுப்போட்டி. முஸ்லிம் ஊர்களில் பள்ளிக்கூடமும் கழகமும் அதே வேலையைச் செய்தன. ஒரு பந்தும் இரண்டு தடியும் போதும் என்பதால் மட்டை, காப்பு, தலைக்கவசம் என்று காசு கேட்கிற கிரிக்கெட்டுக்கு முன் இது வந்து சேர்ந்தது. ஆக, மன்னாரின் உதைபந்து மனிதர்கள் உழைத்துக் கட்டிய ஒன்று. மனிதர் கட்டியதை மனிதர் பராமரிக்காவிட்டால் அது இடிந்தும் போகும்.

ஏழு ஆட்டமும் ஐம்பத்தாறு ஆட்டமும்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எட்டு ஊர்க் கழகங்கள் ஒரு சுற்றுப்போட்டிக்கு வருகின்றன என்று வையுங்கள். விலகல் முறை. மொத்தம் ஏழு ஆட்டம். முதல் நாளே நான்கு அணிகள் வீட்டுக்குப் போய்விடும். அந்த நான்கு அணிகளிலும் இருக்கிற பெடியளுக்கு அந்தச் சுற்றுப்போட்டி என்றால் ஒரு மணித்தியாலம். அதிலும் மாற்றுவீரனாக இருந்தவனுக்குக் கதிரை மட்டும்.

அதே எட்டுக் கழகங்களும் லீக் முறையில், உன் ஊரில் ஒன்று என் ஊரில் ஒன்று என்று ஆடினால் ஐம்பத்தாறு ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் பதினான்கு. கடைசி இடத்தில் இருக்கிற அணிக்கும் பதினான்கு. தோற்ற பிறகும் அடுத்த கிழமை ஒரு ஆட்டம் இருக்கிறது. போன கிழமை விட்ட பிழையைத் திருத்த ஒரு நாள் இருக்கிறது. ஒரு விளையாட்டு வீரன் உருவாகிறது அந்த "அடுத்த கிழமை"யில்தான்.

எங்கட பக்கம் நடக்கிறதில் பெரும்பகுதி முதலாவது வகை. அமரர் ஞாபகார்த்தக் கிண்ணம், திருவிழாக் கிண்ணம், கழகத்தின் ஆண்டுநிறைவுக் கிண்ணம், அணிக்கு ஏழு பேர், அணிக்கு ஒன்பது பேர், வென்றவருக்கு ரொக்கப் பணம். இவற்றை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஊருக்கு இது கொண்டாட்டம், ஊர் சேர்கிற இடம். ஆனால் பதினொருவர் ஆடுகிற முழு மைதானத்தில் 90 நிமிடம் எப்படி மூச்சை மிச்சம் பிடிக்கிறது, இடத்தை எப்படி மூடுகிறது என்பதை ஏழு பேர் ஆட்டம் கற்றுத்தராது. பங்களாதேஷ் பெடியனோடு மோதுகிறபோது அதுதான் தேவை.

பள்ளிக்கூடப் போட்டிகளும் அப்படித்தான். கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று ஏணி மாதிரித் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் தோற்ற அன்றைக்கே வருடம் முடிந்துவிடுகிற போட்டி அது. பிறகு ஓ.எல். வருகிறது. அப்பா கடலுக்குப் போகிற வீட்டில் பதினாறு வயதுப் பெடியனுக்கு முன் இரண்டு கேள்வி நிற்கும்: ரியூஷனா, படகா? உதைபந்து மூன்றாவது பதிலாகவே வராது. வருடத்தில் மூன்று ஆட்டத்துக்காக யார் கடலை விடுவான்? இந்தக் கடலிலும் இப்ப என்ன மிச்சம்? இழுவைமடிக்கு 2017 இல் சட்டத்தில் தடை வந்தது. அக்கரைப் படகுகள் வருவது நிற்கவில்லை. வலை அறுந்த கிழமையில் ஒரு வீட்டில் பூட்ஸ் வாங்குகிற கதை கதைக்க முடியாது.

ஆகவே "பெடியளுக்கு ஆர்வம் குறைஞ்சு போச்சு, எல்லாரும் போனோடதான்" என்று சொல்லுகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்வம் குறையவில்லை ஐயா. நாட்காட்டி இல்லை.

ஏணியின் மேல்படி யாருடையது?

சரி, ஒருவன் எல்லாவற்றையும் தாண்டி வருகிறான். பத்தொன்பது வயது, நல்ல பின்கள வீரன். அவன் எங்கே போவான்?

2021 இல் பெரிய விளம்பரத்தோடு இலங்கையின் முதலாவது தொழில்முறை உதைபந்து லீக் என்று சூப்பர் லீக் தொடங்கியது. பத்துக் கழகங்கள். கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி என்று இடங்கள் இருந்தன. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமும் இல்லை. பத்தில் மூன்று தரைப்படை, கடற்படை, விமானப்படையின் அணிகள். இதைச் சொல்லும்போது சிலர், "அதிலென்ன, திறமை இருந்தால் அங்கேயும் எடுப்பாங்கள்" என்பார்கள். எடுப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் யுத்தம் முடிந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெடியனுக்குத் தொழில்முறைப் பந்தாட்டத்தின் பத்துக் கதவில் மூன்று கதவு படைமுகாம் கதவு என்றால் அவன் தாய் என்ன சொல்லுவா என்று கேட்டுப் பாருங்கள். இது திறமையைப் பற்றிய கேள்வி இல்லை.

2018 இல் யாழ்ப்பாணம் துரையப்பா மைதானத்தில் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் என்று ஒன்று நடந்தது. மன்னார் பெயரிலும் அணி இறங்கியது. சனம் வந்தது, நேரடி ஒளிபரப்பு இருந்தது, பெடியளுக்குக் கொஞ்சம் காசும் கிடைத்தது. வடக்கும் கிழக்கும் இப்படியொன்றைத் தாங்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் இப்படியான முயற்சி தனிப்பட்ட ஆட்களின் ஆர்வத்திலும் புலம்பெயர்ந்தவர்களின் காசிலும் நிற்கும்வரை, அந்த ஆர்வமும் காசும் இருக்கும்வரைதான் அதுவும் இருக்கும்.

மேலே தேசிய நிர்வாகத்தின் இலட்சணத்தை உலகமே பார்த்தது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீடு என்று சொல்லி பீஃபா இலங்கையைத் தடைசெய்தது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் இலங்கை இல்லை. எங்கட இடத்தை நிரப்ப குவைத்தையும் லெபனானையும் கூப்பிட்டார்கள். 1995 இல் இதே தெற்காசியக் கிண்ணத்தை, அன்றைக்கு அதற்கு வேறு பெயர், கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்து வென்ற நாடு இது. இருபது வருடம் கழித்து, 2015 மார்ச்சில், உலகத் தரவரிசையின் கடைசி இடத்திலிருந்த பூட்டான் கொழும்புக்கு வந்து 1-0 என்று வென்றது, திம்புவில் 2-1 என்று திரும்பவும் வென்றது. சுமார் ஐந்து இலட்சம் சனமுள்ள மாலைதீவு 2008 இலும் 2018 இலும் தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தது. இப்ப எங்கட வீரர்கள் சம்பளத்துக்கு மாலைதீவுக் கழகங்களுக்குப் போகிறார்கள்.

மன்னாருக்கு அந்தப் பயணம் ஒரு காயமும். தேசிய அணியின் பின்களத்தில் ஆடிய மன்னார் மைந்தன் டக்சன் பியூஸ்லஸ் மாலைதீவில் ஒரு கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது 2021 பெப்ரவரியில் அங்கேயே இறந்தார். முப்பது வயதளவு. அவரைப் பற்றி நிறைய எழுதினார்கள், நிறைய அழுதார்கள். நாங்கள் கேட்கிறது ஒன்றுதான். இந்தத் தீவின் ஒரு நல்ல வீரன் உழைத்துச் சாப்பிட இன்னொரு தீவுக்குப் போகத்தான் வேண்டுமா?

அயலவர்கள் செய்தது

"எங்களிட்ட காசில்லை, நாங்கள் சின்ன நாடு" என்ற சாட்டு இருக்கிறது. அயலவர்களைப் பார்ப்போம். பணக்கார நாடுகள் வேண்டாம், அயலவர்கள் போதும்.

பங்களாதேஷில் மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலயா எல்லைக்குப் பக்கத்தில், களசிந்தூர் என்றொரு கிராமம். 2011 இல் அரசு, ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கு நாடு முழுக்க ஓர் உதைபந்துப் போட்டியைத் தொடங்கியது. களசிந்தூர்ப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மரியா மண்டா, சஞ்சிதா அக்தர், தஹுரா காத்தூன் என்று வரிசையாகத் தேசிய வீராங்கனைகள் வந்தார்கள். மரியா, காரோ என்ற சிறுபான்மை இனத்தவர். பங்களாதேஷ் பெண்கள் 2022 இலும் 2024 இலும் தெற்காசியச் சம்பியன், 2025 இல் முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி. அங்கே அரசு செய்த பெரிய வேலை, போட்டியைத் தொடர்ந்து வைத்தது. அவ்வளவுதான்.

இங்கே தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் அகில இலங்கை மட்டத்தில் வருடக்கணக்காக எல்லாரையும் தோற்கடித்துக் காட்டினார்கள். அதைப் பார்த்து மன்னாரில் எத்தனை பள்ளிக்கூடங்களில் பெண்களுக்கு அணி கட்டினோம்? "உதைபந்து மண்" என்று சொல்லும்போது அந்த மண்ணில் பாதிப் பிள்ளைகள் ஏன் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுகிறார்கள்?

இந்தியாவுக்கு வருவோம். 2017 இல் இந்தியா 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தை நடத்தியது. இந்திய அணியின் 21 பேரில் 8 பேர் மணிப்பூர்க்காரர். உலகக்கிண்ணத்தில் இந்தியாவின் முதல் கோலை அடித்த ஜீக்சன் சிங்கும் மணிப்பூர்தான். டெல்லியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் துவக்கின் கீழ் கிடந்த மாநிலம்!

இன்னும் கிட்டப் போவோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் பக்கத்துக் கரையோரக் கிராமங்கள் எங்கட ஊர்களின் கண்ணாடி. அதே மீன்பிடி, அதே கோயில் முன்வெளி, அதே திருவிழாப் போட்டி, அதே தமிழ். அங்கே இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் ஆடினார், பிறகு ஜம்ஷெட்பூர், பிறகு ஏ.டி.கே., 2019 இல் இந்தியத் தேசிய அணி. அவர் கடலும் எங்கட கடலும் வேறு இல்லை. அவருக்குக் கால் வைக்க அடுத்த படி ஒன்று இருந்தது. இங்கே அது இல்லை.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். அயல்நாட்டுப் போட்டி என்று சொல்லி அயலிலேயே இல்லாத இடத்தில் ஆடுவதைப் பார்க்க, அயலில் இருக்கிற நாங்கள் இரவு ரெயில் பிடிக்க வேண்டும்.

மூன்று மறுப்புகள்

முதலாவது மறுப்பு எங்கட ஆட்களிடமிருந்தே வரும்: "இலங்கை அணியில எங்களுக்கு என்ன இடம்? ஏன் அதுக்காக அழுறியள்?" இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். அதைச் சின்னதாக்க மாட்டோம். ஆனால் ஜீக்சனையே பாருங்கள். 2023 இல் மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தபோது, பெங்களூர் இறுதியாட்டம் முடிந்து பரிசளிப்பில் அவர் மெய்தெய்களின் ஏழு வர்ணக் கொடியைப் போர்த்துக்கொண்டு நின்றார். கண்டித்தார்கள், குக்கிகள் தரப்பில் கோபம் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. அந்தக் கொடி சரியா பிழையா என்ற விவாதம் வேறு. ஒரு ஜேர்சி ஒருவனின் ஊரை அழித்துவிடவில்லை என்பதுதான் விஷயம். பொதுப் பணத்தில் நடக்கிற எந்த அமைப்பிலும் எங்கட பிள்ளைகளுக்குரிய பங்கைக் கேட்பது சரணடைவு இல்லை. ஆஸ்பத்திரி கேட்கிறோம், பல்கலைக்கழக அனுமதி கேட்கிறோம். மைதானம் மட்டும் எப்படித் துரோகம் ஆகும்?

இரண்டாவது மறுப்பு கொழும்பிலிருந்து வரும்: "இப்ப அணியில் தமிழர் இருக்கினம்தானே." இருக்கினம். ஜேர்மனியில் வளர்ந்த பரத் சுரேஷ், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்றவர்கள் இலங்கைக்கு ஆடுகிறார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அங்கேயே போய் வென்றபோது நாங்களும் துள்ளினோம். அவர்களில் எங்களுக்குக் குறையில்லை. எங்கட உறவுகள்தான். ஆனால் யோசியுங்கள். அந்தப் பெடியளை உருவாக்கியது ஜேர்மனியின் கிராமத்துக் கழகம், சுவீடனின் வயதுப்பிரிவு லீக். இன்னொரு நாடு வளர்த்த விளைச்சலை நாங்கள் அறுக்கிறோம். 30 வருடத்துக்கு முன் இதே வடக்கிலிருந்து ஓடிப்போன தாய்தகப்பனின் பிள்ளைகள் அவர்கள். ஓடாமல் நின்றவர்களின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதை அந்த ஒப்பீடு தானாகவே சொல்லும்.

மூன்றாவது: "காசு." 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். கிரிக்கெட்டுக்கு நாங்கள் எதிரி இல்லை. ஆனால் கொழும்பில் அயல்நாட்டு உதைபந்துத் தொடர் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது வடக்குக்குக் கிடைத்தது கிரிக்கெட் கல். அந்த உதைபந்துத் தொடரும் றக்பிக்கென்று திருத்திய குதிரைப்பந்தயத் திடலில் நடந்தது. இந்த நாட்டில் உதைபந்தின் இடம் எது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. காசு இருக்கிறது. வரிசையில் நாங்கள் கடைசி.

உள்ளே திரும்பியும் ஒரு வார்த்தை

எல்லாவற்றையும் கொழும்பின் தலையில் கட்டிவிட்டுப் போனால் இந்தக் கட்டுரைக்கு நிறையக் கைதட்டல் கிடைக்கும். அதனால் இதையும் எழுதுகிறோம்.

ஊர்க் கழகங்கள் சில, எதிரணியை விட நடுவரைத்தான் எதிரியாகப் பார்க்கின்றன. ஓர் ஓவ்சைட்டுக்கு ஊரே மைதானத்துக்குள் இறங்குகிற இடத்தில் எந்த இளைஞன் விசில் எடுக்க வருவான்? நடுவர் இல்லாமல் லீக் இல்லை. அடுத்தது, ரொக்கப் பரிசுக்காக வெளியூர் வீரர்களைக் காசு கொடுத்து இறக்குவது. கிண்ணம் ஊருக்கு வரும், ஊர்ப் பெடியன் கதிரையில் இருப்பான். கழகம் எதற்கு இருக்கிறது என்பதையே அது தின்றுவிடும்.

இன்னொன்று, கஷ்டமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப்புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியின் ஒரு தலைமுறை புத்தளத்தில் வளர்ந்தது, அங்கேதான் பந்து உதைத்தது. திரும்பி வந்தவர்களோடு இன்றைக்கும் ஒரே மைதானத்தில் நிற்கிறோம். ஆட்டம் சூடாகும்போது எந்தப் பக்கத்திலிருந்து என்ன வார்த்தை வருகிறது என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். "மன்னார் அணி" என்று ஒன்றைக் கேட்பதென்றால் அந்தப் பெயருக்குள் யார் யார் என்பதில் எங்களுக்குத் தயக்கமே இருக்கக்கூடாது. கொழும்பு எங்களுக்குச் செய்கிறதை எருக்கலம்பிட்டிக்கு நாங்கள் செய்ய முடியாது.

கேட்கிறது இவ்வளவுதான்

ஒன்று: 14, 16, 18 வயதுப் பிரிவுகளில், பெடியளுக்கும் பெட்டையளுக்கும், மாவட்ட லீக். நிரந்தர நாட்காட்டியோடு. அது கடலின் காலத்தையும் பரீட்சைக் காலத்தையும் பார்த்துப் போட்டதாக இருக்கவேண்டும். வாடையும் சோளகமும் தெரியாத ஒருவர் கொழும்பில் இருந்து போடுகிற நாட்காட்டி இங்கே ஒரு மாதமும் ஓடாது.

இரண்டு: தேசிய வயதுப்பிரிவு அணிகளுக்கான தேர்வு மன்னாரிலும் நடக்கவேண்டும், தமிழிலும் நடக்கவேண்டும். பதினாறு வயதுப் பெடியன் முதல் தடவை ஊரை விட்டு இரவு ரெயிலில் போய், நித்திரை இல்லாமல் இறங்கி, விளங்காத மொழியில் கட்டளை கேட்டு இருபது நிமிடம் ஓடுவதற்குப் பெயர் தேர்வு இல்லை. அறிவித்தல் போட்டிக்கு முந்திய நாள் வட்ஸ்அப்பில் வருவதும் அறிவித்தல் இல்லை.

மூன்று: ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் சம்பளத்தோடு ஒரு தகுதிபெற்ற பயிற்றுநர். இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிறவர்கள் பள்ளிக்கூட மாஸ்டர்மாரும், முன்னாள் வீரர்களும், பின்னேரம் வலை தெரிந்துவிட்டு வருகிற அண்ணாமாரும். அவர்கள்தான் இத்தனை காலம் இந்த ஆட்டத்தைத் தாங்கினார்கள். அவர்களுக்குப் பயிற்சிநெறி, சான்றிதழ், சம்பளம் கொடுங்கள். நடுவர்களுக்கும் அதுவே.

நான்கு: அடுத்த முறை இலங்கை ஒரு தெற்காசிய இளையோர் தொடரை நடத்தினால், ஒரு குழுவின் ஆட்டங்களாவது வடக்கில் நடக்கவேண்டும். துரையப்பா மைதானத்தை இந்தியாவின் உதவியோடு திருத்தி 2016 யூனில் திறந்தார்கள். அயல்நாட்டுக் காசில் எழுந்த மைதானத்துக்கு அயல்நாட்டுப் பெடியளை அழைப்பது அப்படி என்ன முடியாத காரியம்?

ஐந்து, இது எங்கட ஆசை: கரையோரங்களுக்கென்று ஒரு கிண்ணம். மன்னார், இராமேஸ்வரம், தூத்தூர், புத்தளம், மாலைதீவின் ஏதாவது ஒரு தீவு. 16 வயதுக்குட்பட்டோர். ஒருவரையொருவர் கடலில் அறுந்த வலையாலும் பிடிபட்ட படகாலும் மட்டும் அறிந்திருக்கிற பிள்ளைகள் ஒருதடவை பந்தாலும் அறியட்டும். இழுவைமடிப் பிரச்சினையை இது தீர்க்கும் என்று நாங்கள் ஏமாற மாட்டோம். அதைச் சட்டத்தாலும் பேச்சுவார்த்தையாலும்தான் தீர்க்கவேண்டும். "விளையாட்டால் நல்லிணக்கம்" என்று பதாகை கட்டி, தொப்பி கொடுத்து, படம் பிடித்துவிட்டுப் போகிற ஒருநாள் ஆட்டங்கள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்ல போட்டி ஒன்றை ஒழுங்காக வருடாவருடம் நடத்துங்கள். இணக்கம் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பிள்ளைகள் ஆடியிருப்பார்கள்.

கடைசியாக, வாசிக்கிற உங்களுக்கு. இனி ஒரு பெடியன் தேசிய அணிக்குத் தெரிவாவான். மாலை போடுவார்கள், வாகனத்தில் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள், மேடையில் ஆறு பேர் பேசுவார்கள், எல்லாரும் மண்ணின் பெருமை என்பார்கள். போங்கள், கைதட்டுங்கள், அவன் அதற்குத் தகுதியானவன். பேச்சு முடிந்ததும் எழும்பி மேடையில் இருக்கிறவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இவன்ட தம்பிக்கு அடுத்த ஆட்டம் எப்ப?